பதினெட்டு முடிந்தால் போதுமா?



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருக்கையில், தாராவியில் குடியிருக்கும் ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்தார். "பாஸ்டர், பையன் லாட்டரிச் சீட்டு வாங்கிக் கைச்செலவுப் பணத்தைத் தொலைக்கிறான். கண்டித்தால், 'எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. சட்டமே தடுக்காததை நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?' என்கிறான். நான் என்ன சொல்வது?" என்று கேட்டார்.

வேதத்தைத் திறந்து பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பையன் கேட்டது சட்டத்தைப் பற்றியல்லவா? சட்டத்தையே பார்த்துவிடுவோம் என்று தேடத் தொடங்கினேன். நான் கண்டவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழக்கூடும்.

முதலாவது, இந்தப் பதினெட்டு எல்லா நாட்டுக்கும் பொதுவானதன்று. ஆஸ்திரேலியாவில் 18 வயதில் காசினோ என்னும் சூதாட்ட விடுதிக்குள் நுழையலாம். அருகிலுள்ள நியூசிலாந்தில் அதற்கு 20 ஆகவேண்டும். லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தில் 21. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் லாட்டரிச் சீட்டுக்கு 18 போதும், நெப்ராஸ்காவில் 19. ஒரே வாலிபன் விமானம் ஏறி இறங்குமிடந்தோறும் சிறுவனாகவும் பெரியவனாகவும் மாறிக்கொண்டிருக்கிறான்!

பிரிட்டனின் கதை என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. 1994 நவம்பரில் அங்கே தேசிய லாட்டரி தொடங்கியபோது, 16 வயதினரும் சீட்டு வாங்கலாம் என்று சட்டம் வைத்தார்கள். பந்தயம் கட்டும் கடைக்குள் நுழைய 18 ஆகவேண்டும். லாட்டரிக்கோ பதினாறு போதும். அதன் வருமானத்தில் ஒரு பங்கு நற்காரியங்களுக்குப் போகிறது என்பதால், அது சூதாட்டம் போலவே தோன்றவில்லை போலும். சுரண்டிப் பார்க்கும் சீட்டுகளும் அதே வயதில் கிடைத்தன. ஏறக்குறைய 27 ஆண்டுகளுக்குப் பின், 2021 அக்டோபர் 1 முதல் அந்த வயதை 18 ஆக உயர்த்தினார்கள். இளம் பிராயத்தினரைப் பாதுகாக்கவே இந்த மாற்றம் என்று அரசு சொன்னது. நல்லதுதான். ஆனால் 1994இல் பதினாறு வயதில் சீட்டு வாங்கத் தொடங்கியவர்களுக்கு இன்று நாற்பத்தேழுக்கு மேல் ஆகியிருக்கும். அவர்களில் ஒருவரும் சட்டத்தை மீறவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்நாட்டுக் கடற்கரை ஊர்களின் விளையாட்டுக் கூடங்களில், காசு போட்டால் காசைத் தள்ளிவிடும் இயந்திரங்களும், பொம்மையைக் கவ்வி எடுக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. அவற்றுக்குச் சட்டத்தில் வயது வரம்பே கிடையாது. பாட்டனார் கையில் காசு வாங்கிக்கொண்டு ஆறு வயதுக் குழந்தையும் ஆடலாம்.

மக்காவ், காசினோ வருமானத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் ஊர். அங்கேயே 2012 நவம்பர் 1 முதல் நுழைவு வயதை 18இலிருந்து 21 ஆக உயர்த்தினார்கள். அந்த வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் காசினோவில் புதிதாக வேலைக்குச் சேர்ப்பதையும் தடுத்தார்கள். சூதினால் பிழைக்கிறவர்களே பதினெட்டு போதாது என்று கண்டுகொண்டார்கள்.

நம் உறவினர் பலர் வேலைசெய்கிற சிங்கப்பூரில் 2010இல் இரண்டு காசினோக்கள் திறக்கப்பட்டன. நுழைய 21 வயது வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. 2019 முதல் அது 150 ஆயிற்று. இதற்கும் மேலாக, சூதாட்டத்தால் குடும்பம் பாதிக்கப்பட்டால், மனைவியோ பெற்றோரோ மனுக்கொடுத்து, வயது வந்த ஒருவரையும் காசினோவுக்குள் விடாதபடி தடை வாங்கலாம். ஐம்பது வயதுத் தகப்பனையும் பிள்ளைகளின் மனு தடுக்கக்கூடும்.

நம் தேசத்தில் சூதாட்டம் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. லாட்டரியை 1967இல் கேரளமும் 1969இல் மகாராஷ்டிரமும் தொடங்கின. தமிழகமும் நடத்திற்று, 2003இல் தடைசெய்தது. ஆகவே திருநெல்வேலியில் விற்றால் வழக்காகிற சீட்டு, தாராவி வாலிபனுக்குத் தெருமுனையில் கிடைக்கிறது.

கைப்பேசி வந்தபின் மாநில எல்லையும் மறைந்துபோயிற்று. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 18 வயது வரம்பும், நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை தடையும் விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டும் இணைய விளையாட்டுகளை அடியோடு தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பதினெட்டோ அறுபதோ, அந்தச் சட்டத்தில் எந்த வயதுக்கும் விலக்கில்லை. ஆயினும் வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாய் நடக்கும் தளங்கள் இருக்கின்றன. "எனக்குப் பதினெட்டு நிரம்பிவிட்டது" என்ற கட்டத்தைத் தொட்டால் கதவு திறந்துவிடும். தொடுகிற விரல் யாருடையதென்று அவை பார்ப்பதில்லை. பெரும்பாலும் சிம் கார்டும் வங்கிக் கணக்கும் தகப்பனார் பெயரிலேயே இருக்கும்.

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரனிடம் சொன்னேன். அடுத்த வாரம் பையனையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவன் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தான். மக்காவைப் பற்றிச் சொன்னபோது மாத்திரம் நிமிர்ந்து, "அப்படியானால், பாஸ்டர், பத்தொன்பது வயதுக்காரன் அங்கே அக்டோபர் 31இல் பெரியவன், மறுநாள் சிறுவனா?" என்று கேட்டான்.

ஆம் என்றேன்.