பருத்திப் பின்னலாடை: பளபளப்பும் மங்கலும்

பின்னல் துணி பளபளக்க வேண்டுமா, மங்கலாக இருக்க வேண்டுமா என்ற முடிவு, திருப்பூரில் விவரமறிந்தவர்களால், நூல் வாங்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. சாயம் ஏறிய துணி இறுதிக் கட்டமான காம்பாக்டிங்குக்கு வந்தபின் யோசித்தால் செய்யக்கூடியது சொற்பமே. இதற்குக் காரணம் பருத்தி இழையின் வடிவம்.

சமதளமான பரப்பில் விழும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் திரும்புகிறது, அதுவே பளபளப்பு. மேடுபள்ளமான பரப்பு ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது, அது மங்கல். காய்க்குள் வளரும்போது பருத்தி இழை ஈரம் நிறைந்த உருண்டைக் குழாய். காய் வெடித்து வெயில் பட்டதும் நீர் வற்றி, குழாய் அமுங்கி, முறுக்கிக்கொண்ட நாடாவாகிவிடுகிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் அவரை விதையின் வடிவம். 12 முதல் 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள இந்த நாடாவின் ஒவ்வொரு முறுக்கும் ஒளியை வேறொரு பக்கம் திருப்புகிறது. நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகள் மிச்ச ஒளியையும் கலைத்துவிடுகின்றன. நெசவில் சாட்டின் துணிக்கு ஒரு வசதி உண்டு: அதில் நூல் பல இழைகளைத் தாண்டி நீளமாகக் கிடக்கும். பின்னலில் நூல் வளையம் வளையமாக ஓடுவதால் அந்த வசதியும் இல்லை.

மேசை, நாற்காலி, துப்பாக்கியின் மரக்கட்டை போன்றவற்றுக்கு மெருகேற்றுவோரின் வழி நேரானது. வார்னிஷ் படலம் மரத்தின் துளைகளை மூடிப் பரப்பைச் சமமாக்கும். மங்கல் வேண்டுமென்றால் நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்த வார்னிஷைப் பூசலாம். உடம்பில் ஒட்டிக் கிடக்கும் பனியனுக்கு அப்படியொரு படலம் பூச முடியாது. காற்று புக வேண்டும், வியர்வையை உறிஞ்ச வேண்டும், இழுத்தால் நீள வேண்டும். எனவே இழையின் உருவத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது.

அந்த மாற்றத்தைச் செய்வது காஸ்டிக் சோடா. இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் 1844-ல், அடர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைந்த பருத்தி தடித்து, வலுப்பெற்று, சாயத்தை நன்றாகப் பிடிப்பதைக் கண்டார். 1850-ல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் துணி கடுமையாகச் சுருங்கியதால் ஆலைகள் அதைச் சீந்தவில்லை. சுமார் 40 ஆண்டுகள் கழித்து ஹொரேஸ் லோ என்பவர், சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தபடியே நனைத்து அலசினால் பருத்திக்குப் பட்டின் மினுமினுப்பு வருகிறது என்று காட்டினார். 20 சதவீதத்துக்கு மேற்பட்ட கரைசலில் இழை வீங்கி, முறுக்கு பிரிந்து, நாடா மறுபடி உருளையாகிறது. செல்லுலோஸ் மூலக்கூறுகளின் அடுக்குமுறையும் மாறிவிடுகிறது. துவைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. மெர்சரின் பெயரால் மெர்சரைசிங் எனப்படும் இம்முறையின் மதிப்பு இந்த நிலைத்தன்மையில்தான் இருக்கிறது.

எல்லாப் பருத்தியும் இதற்குச் சமமாக இணங்குவதில்லை. நீண்ட, நன்கு முற்றிய இழைதான் நன்றாக மின்னும். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974-ல் வெளியான சுவின் போன்ற மிக நீண்ட இழை ரகங்கள் இதற்கென்றே பிறந்தவை எனலாம். குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலை எரிவாயுச் சுடரில் வேகமாக ஓட்டிப் பிசிறைப் பொசுக்கிவிட்டுத்தான் மெர்சரைஸ் செய்ய வேண்டும். பிசிறு நின்றுவிட்டால் அத்தனை செலவும் வீண். விலையுயர்ந்த டீசர்ட்டுகளில் நூலை ஒருமுறையும், பின்னிய துணியை மறுமுறையும் மெர்சரைஸ் செய்கிறார்கள்.

இந்த மினுமினுப்புக்கு, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரையில் இன்னொரு விலையும் உண்டு. அலசிய நீரில் ஏராளமான காஸ்டிக் சோடா கரைந்திருக்கும். சோடியம் மிகுந்த கழிவு மண்ணைக் கெடுக்கும் என்பதை அந்த ஆற்றில் வந்த சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி விவசாயிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்குத் தொழில் மாற வேண்டியதாயிற்று. காஸ்டிக் சோடாவை ஆவியாக்கி அடர்த்தி கூட்டி மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாத இடத்தில் மெர்சரைசிங் செய்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

மலிவான பளபளப்பும் இருக்கிறது. காலண்டரிங்கில் நீராவி காட்டிச் சூடான உருளைகளுக்கிடையே அழுத்தினால் வளையங்கள் தட்டையாகித் துணி மின்னும். முதல் துவைப்பில் நூல் மறுபடி உப்பி எழும், மினுக்கம் போய்விடும். சிலிக்கான் மென்மையூட்டி கைக்கு வழுவழுப்பைத் தரும். இழையின் வடிவத்தை அது தொடுவதில்லை.

மங்கலையும் சும்மா விட்டுப் பெற முடியாது. பிசிறுள்ள மங்கல் நாலு துவைப்பில் உருண்டை உருண்டையாகத் திரண்டு பழசாகத் தெரியும். அதைத் தடுப்பது பயோ வாஷ். செல்லுலேஸ் நொதி, லேசான அமிலத்தில், 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிசிறுகளை அரித்து நீக்குகிறது. சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றி உரிய நேரத்தில் நொதியைச் செயலிழக்கச் செய்யாவிட்டால் அது நூலையும் தின்னும். துணியின் எடையும் வலுவும் குறையும். பாலியஸ்டரில் நிலைமை வேறு. இழையாக்கும்போதே டைட்டானியம் டை ஆக்சைடைக் கலந்துவிடுகிறார்கள். வார்னிஷுக்குள் சிலிக்கா செய்வதை அது அங்கே செய்கிறது.

எதைத் தேர்வது என்பதில் நிறத்துக்குப் பெரிய பங்குண்டு. மங்கலான பரப்பில் சிதறும் வெள்ளொளி நிறத்தோடு கலந்து அதை வெளிறச் செய்யும். ஆகவே கறுப்பு, கடல்நீலம், மெரூன் ஆகியவற்றின் ஆழம் மெர்சரைஸ் செய்த துணியில்தான் முழுதாகத் தெரியும். சாயமும் குறைவாகவே செலவாகும். காலர் வைத்த டீசர்ட்டுக்கு அது பொருந்தும். குழந்தைகள் உடை, உள்ளாடை, அன்றாட உடை ஆகியவற்றுக்கு நன்றாகப் பயோ வாஷ் செய்த மங்கலே போதும். அதற்கு மேல் செய்யும் செலவு உடுத்துபவருக்குப் பயன்படாது.

துணி உண்மையில் மெர்சரைஸ் செய்ததுதானா என்ற சந்தேகம் வந்தால், அதன் அளவைக் காட்டும் பேரியம் எண்ணை ஆய்வகத்தில் பார்க்கலாம். மெர்சரைஸ் செய்யாத பருத்திக்கு அது 100-ஐ ஒட்டி நிற்கும். முழுமையாகச் செய்ததற்கு 150-ஐ நெருங்கும் அல்லது தாண்டும். ஆய்வகம் அருகில் இல்லாதவர்கள் மாதிரித் துணியில் பாதியை வெட்டி மூன்று முறை துவைத்து, நிழலில் உலர்த்தி, துவைக்காத பாதியோடு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டரை உறுதி செய்யுங்கள்.