பயிர்ப் பீடைகளைத் தெளிவாகப் படமெடுத்தல்

சோளப் பயிரின் குருத்திலைகளில் துளைகளும் மரத்தூள் போன்ற எச்சமும் காணப்படுமிடத்து, கமக்காரர் முதலில் அறியவேண்டியது அக்குருத்தினுள் மறைந்திருக்கும் புழு யாதென்பதேயாகும். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2018 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையின் சோளச் செய்கையிலே தோன்றி, அப்பெரும்போகத்தில் அம்பாறை, அநுராதபுரம், மொனராகலை முதலிய மாவட்டங்களில் சேதம் விளைவித்தது. புழு இளமையாயிருக்கையில் அதனைக் கட்டுப்படுத்தல் எளிது. வளர்ந்து குருத்தினுள் ஆழப் புகுந்தபின் மருந்து அதனைச் சென்றடைவது அரிது. ஆகவே காலந்தாழ்த்தாது இனங்காணல் இன்றியமையாதது.

இப்புழுவின் தலையின் முன்புறத்தில், தலைகீழாக எழுதிய ஆங்கில ‘வை’ எழுத்தைப் போன்ற வெளிறிய குறியுண்டு. வாற்பக்கத்தில், கடைசிக்கு முந்திய துண்டத்தின் மேற்புறத்தில், நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். முற்றிய புழுவே மூன்று அல்லது நான்கு சதமமீற்றர் நீளமுடையது. அதன் தலையோ மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவான அகலமுடையது. படம் சிறிது மங்கினும் இவ்வடையாளங்கள் மறைந்துவிடும். விவசாயப் போதனாசிரியர் அத்தகைய படத்தைக் கொண்டு எதனையும் துணிந்து கூறவியலாது.

படம் மங்குவது ஏன்?

சிறிய டிஜிட்டல் கமராவின் வில்லை, பொருள் ஒரு குறித்த தூரத்திற்கு அப்பால் இருந்தாலன்றி அதனைத் தெளிவாகக் குவியப்படுத்தாது. சாதாரண நிலையில் இத்தூரம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு அடியாகும். எனவே புழு சிறிதாகத் தெரிகின்றதென்று கமராவை மேலும் மேலும் கிட்டக் கொண்டுசெல்வதனால் மங்கலே மிகும். மங்கலான படங்களுட் பல இத்தவற்றினாலேயே விளைகின்றன.

இன்னொரு காரணமுமுண்டு. இத்தகைய கமராக்களுட் பெரும்பாலானவை வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பு எந்நிலையிற் கூர்மையாகத் தோன்றுகின்றதோ அந்நிலையில் அதனை நிறுத்துகின்றன. ஒரே பச்சையான இலைப்பரப்பில் அத்தகைய விளிம்பு இல்லை. ஆதலின் கமரா புழுவை விட்டுப் பின்னாலுள்ள மண்கட்டியையோ வைக்கோலையோ பற்றிக்கொள்ளும்.

செய்யவேண்டிய முறை

1. கமராவிற் பூ அடையாளமிட்ட அண்மைப்பட நிலையைத் தெரிவு செய்க. இந்நிலையிற் பல கமராக்கள் சில அங்குலத் தூரத்திலுள்ள பொருளையும் தெளிவாகக் காட்டும். மிகக்குறைந்த தூரம் எவ்வளவென்பதைக் கமராவுடன் வந்த கைந்நூலிற் காணலாம்.

2. பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் ‘சூம்’ வசதியை நீட்டாது, அகன்ற காட்சி நிலையிலேயே விடுக. சூமை நீட்டினாற் பல கமராக்களிற் குறைந்த தூரம் கூடிவிடும்.

3. குவியச் சதுரத்தைத் திரையின் நடுவில் அமைத்து, புழுவின் தலை விளிம்பு அல்லது கரும்புள்ளி அதனுள் விழுமாறு பிடிக்க. பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாற் கமரா வேறெதனையும் பற்றாது.

4. பொத்தானைப் பாதியளவு அழுத்துக. சதுரம் பச்சையானால் குவியம் சரியாகும். சிவப்பானால் அல்லது மின்னினால், கமராவைச் சிறிது பின்னிழுத்து மீண்டும் அழுத்துக. பச்சையானபின் கமராவை அசைக்காது முழுதும் அழுத்துக.

5. கிட்டிய படத்திற் கூர்மையாகத் தோன்றும் ஆழம் சில மில்லிமீற்றரே. ஆகவே புழுவின் முதுகு வில்லைக்கு நேர்சமாந்தரமாக இருக்குமாறு மேலிருந்து ஒரு படமும், தலையை மட்டும் முன்னிருந்து வேறொரு படமும் எடுத்தல் வேண்டும்.

6. காற்றில் ஆடும் இலையைப் படமெடுத்தல் வீண். காற்றமர்ந்த காலை வேளையிலோ, இலையைப் பறித்து நிழலில் வைத்தோ எடுக்க. முழங்கையைத் தாங்கிக்கொண்டு, இரண்டு செக்கன் தாமதித்துப் படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால், பொத்தானை அழுத்துவதாலான அசைவும் நீங்கும்.

7. பிளாஷ் விளக்கை அணைத்துவிடுக. அண்மையில் அதன் ஒளி புழுவின் பளபளப்பான தோலிற்பட்டு அடையாளங்களை அழித்துவிடும். வெள்ளைத் தாளைக் கொண்டு பகலொளியை நிழற்பக்கத்திற்குத் திருப்புதல் நன்று.

அனுப்புமுன் பார்த்தல்

கமராவின் சிறிய திரையில் மங்கிய படமும் தெளிவானது போலத் தோன்றும். வயலை விட்டு நீங்குமுன் படத்தைத் திரையிற் பெரிதாக்கி, நான்கு புள்ளிகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ண இயலாவிடின் மீண்டும் எடுக்க. புழு சிறிதாகத் தெரியினும் கேடில்லை. கூர்மையான சிறுபடத்தைப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கலாம், மங்கிய பெரும்படத்தைத் திருத்தவியலாது. அளவு விளங்கும்பொருட்டு ஒரு நெற்கதிர் மணியையோ அடிமட்டத்தையோ அருகில் வைத்தல் நலம். தாக்கப்பட்ட செடி முழுவதையும் காட்டும் படமொன்றையும் உடன் சேர்க்க.

தெளிவான படமொன்று கமக்காரரின் வீண் செலவைத் தடுப்பதுடன், தேவையற்ற மருந்து வயலிற் சேர்வதையும் தவிர்க்கும். புழு யாதெனத் தெரிந்த பின்னரே பரிகாரம் பயன்தரும்.