மூக்கு சொல்லும் 'இல்லை'

நிமோனியா முற்றிய நிலையில் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். எந்தக் கிருமி என்று பார்க்கச் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பினால், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று வான்கோமைசின் என்ற மருந்தையும் சேர்த்து ஏற்றுவார்கள்.

அந்த 'எதற்கும்' என்பதன் பெயர் எம்.ஆர்.எஸ்.ஏ. மெத்திசிலின் மருந்து 1959-ல் வந்தது. 1961-லேயே, அதற்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ.வை, இங்கிலாந்தில் கண்டுவிட்டார்கள். வான்கோமைசினுக்கு இன்னும் அது பெரும்பாலும் அடங்குகிறது. போர்னியோ மண்ணிலிருந்து கிடைத்த இந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பதுதான் சிக்கல். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் குடியிருக்க விரும்பும் இடம் மூக்கு. ஏறத்தாழ பத்துப் பேரில் மூன்று பேர் அதை நோயில்லாமலே சுமக்கிறார்கள். மூக்கின் வாசலில் பஞ்சுக் குச்சியைச் சுழற்றி எடுத்து பி.சி.ஆர். செய்தால், அதில் எம்.ஆர்.எஸ்.ஏ. உண்டா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். கொரோனா குச்சியைப் போல ஆழம் போகாது. கண்ணில் நீர் வராது!

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2007-ல் இந்தச் சோதனையை எல்லா உள்நோயாளிகளுக்கும் கொண்டுவந்தன. கிருமி உள்ளவரைத் தனியே வைத்து, மற்றவருக்குப் பரவாமல் தடுப்பதே அப்போது நோக்கம். சேர்ந்த பதிவுகளைப் பின்னால் அலசியபோது வேறொரு பயன் தெரிந்தது. 5,61,325 கல்ச்சர்களை வைத்துப் போட்ட கணக்கு 2020-ல் வெளியானது. மூக்கில் இல்லை என்று வந்தவர்களில் 96.5 சதவீதத்தினருக்கு நோயுற்ற இடத்திலும் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை. புண்களில் அது 93.1 சதவீதமாகக் குறைந்தது. அங்கே கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

'உண்டு' என்ற பதிலுக்கு அந்த மதிப்பு கிடையாது. மூக்கில் கிருமி இருந்த நிமோனியா நோயாளிகளில் பாதிப் பேருக்குக்கூட நுரையீரலில் அது இருக்கவில்லை என்கிறது 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு. மூக்கில் இல்லையென்றால் மருந்தை நிறுத்தலாம். இருந்தால் கல்ச்சர் வரும்வரை தொடரலாம். அமெரிக்க நிமோனியா வழிகாட்டுதல் 2019-ல் இந்த வழியைத்தான் ஏற்றது.

சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற மற்ற கிருமிகளைப் பற்றி இந்தக் குச்சி வாய் திறக்காது. எம்.ஆர்.எஸ்.ஏ. மலிந்த ஊரில் 'இல்லை' என்ற சொல்லின் நம்பகமும் குறையும். ஆகவே, அமெரிக்கக் கணக்கை அப்படியே தூக்கிவந்து வான்கோமைசினை நிறுத்துவது தவறு. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளை வைத்துத் தனிக்கணக்குப் போட்டாக வேண்டும்.