படியேறும் புகை

1927 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மொன்றியலின் லோரியே பேலஸ் திரையரங்கில் தீப்பிடித்தது. பால்கனி நிறையச் சிறுவர் சிறுமியர். அன்று இறந்த குழந்தைகள் 78 பேர். நெருப்பில் வெந்தவர்கள் இருவர் மட்டுமே. 12 பேர் நெரிசலில் நசுங்கினார்கள், 64 பேர் மூச்சுத் திணறிப் போனார்கள். வெளியேறும் படிக்கட்டிலேயே வழி அடைத்துக்கொண்டது.

நெருப்பைவிடப் புகைக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். மொன்றியல் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 20 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வையுங்கள். உள்ளே இருக்கும் வெப்பக் காற்று லேசாகி மேலே எழும்பும். திறந்த மாடிப்படி புகைபோக்கியாகிவிடும். ஆட்கள் இறங்கவேண்டிய அதே வழியில் புகை ஏறி வரும்.

அதனால்தான் பழைய கட்டடங்களைச் சீர்செய்யும்போது, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுக்கு அவ்வளவு மதிப்பு. மூடிய தீத்தடுப்புக் கதவு புகையைப் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். காற்றோட்டத்துக்காக அடியில் கட்டையைச் செருகி அதைத் திறந்தே வைத்தால், செலவழித்த பணம் அத்தனையும் வீண்.

கதவு புகையைத் தடுக்கும் என்றால், தீயை அடக்குவது கூரையில் தொங்கும் ஸ்பிரிங்க்ளர். அதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவப்புத் திரவம். சுமார் 68 டிகிரியில் திரவம் விரிந்து கண்ணாடி உடையும், தண்ணீர் பீறிடும். சினிமாவில் காட்டுவதுபோல எல்லாம் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. சூடேறியது மட்டும்தான் திறக்கும். வெப்பமூட்டாத கார் நிறுத்துமிடத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுமே? அங்கே குழாய்க்குள் அழுத்தப்பட்ட காற்றை நிரப்பி வைக்கிறார்கள். குமிழ் உடைந்ததும் முதலில் காற்று வெளியேறும், பின்னாலேயே தண்ணீர் வரும். என்ன அழகான யோசனை!

இவ்வளவு தெரிந்திருந்தும், 2023 மார்ச் 16 அதிகாலையில் பழைய மொன்றியலின் பிளாஸ் த்யூவில்லில், 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று எரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அங்கே குறுகிய கால வாடகைக்கு விடப்பட்ட அறைகளில் ஜன்னலே இல்லாதவையும் இருந்தன. வெளியேறும் வழிகள் தொடர்பான விதிமீறல்களின் மீது நடவடிக்கை எடுப்பதை, 2018 முதல் நகரத் தீயணைப்புத் துறை நிறுத்தி வைத்திருந்ததும் அதற்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் படித்து நெஞ்சு பதறியது. மறு ஆண்டு அக்டோபர் 4 அன்று, அதே பழைய மொன்றியலில் நூறாண்டுப் பழமையான இன்னொரு கட்டடம் எரிந்து இருவர் இறந்தார்கள்.