உங்களுக்குத் தெரியுமா? முதல் வருஷக் கணக்கு யாருடையது?

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகள் கல்லூரிக் கால்பந்துக்குச் சொந்தம். தலைக்கவசம் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்துதான். அலபாமா, மிச்சிகன், டென்னஸி போன்ற பல்கலைக்கழகங்களின் ஸ்டேடியங்களில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். பெரிய அணிகளின் கோச், தன் பல்கலைக்கழகத் தலைவரைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குவார். அதனால்தான் புதுக் கோச் வந்து நாலு ஆட்டம் முடிவதற்குள் ‘மகா மூளை’ என்றோ ‘தண்டச் சம்பளம்’ என்றோ தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்புகள் பிறகு என்ன ஆயின?

வீட்டு வாசல் ஏற வேண்டும்

தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான் அடுத்த வருஷம் புது வீரரைத் தேர்ந்தெடுக்க முதல் வாய்ப்பு. கல்லூரிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பதினேழு வயதுப் பள்ளி மாணவனின் வீட்டுக்கு கோச்சே நேரில் போய், அப்பா அம்மாவிடம் பேசி, பையனை இழுத்து வர வேண்டும். வந்தவனும் உடனே ஆடிவிடுவதில்லை. ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது நெடுநாள் விதி. ஆகவே பலரை முதல் வருஷம் வெறும் பயிற்சியோடு நிறுத்திவைப்பார்கள். இதற்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். கோச் பிடித்து வந்த ஆட்கள் முழுசாகக் களத்தில் தெரிய இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

டிசம்பர் அவசரம்

கோச்சை மாற்றுவது பெரும்பாலும் நவம்பர் கடைசியில். பள்ளி மாணவர்கள் கையெழுத்துப் போடும் நாள் முன்பு பிப்ரவரியின் முதல் புதன்கிழமையாக இருந்தது. 2017 முதல் டிசம்பரிலேயே ஒரு வாய்ப்பு வந்துவிட, பெரும்பாலானோர் அப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். புதியவருக்குக் கிடைப்பது சில நாட்களோ வாரங்களோதான். அவருடைய ‘முதல் பட்டாளம்’ என்று எண்ணப்படுவதில் பலர் முன்னவர் பேசி முடித்த பையன்கள்.

0, 1, 2, 3, 3, 6

இவை மயாமி பல்கலைக்கழகத்தில் லாரி கோக்கர் 2001 முதல் 2006 வரை வருஷாவருஷம் கண்ட தோல்விகள். முதல் சீசனில் 12 ஆட்டமும் வெற்றி, தேசியப் பட்டம். முதல் 24 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஆனால் அந்த அணியைச் சேர்த்தவர் புட்ச் டேவிஸ். 2001 ஜனவரியில்தான் அவர் என்.எஃப்.எல்.லுக்குப் போயிருந்தார். அந்த 2001 அணியிலிருந்து மட்டும் 17 பேர் பின்னாளில் என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். முன்னவர் வைத்த தென்னையில் இளநீர் குடித்த கோக்கர், காய்ப்பு ஓய்ந்ததும் 2006-இல் வேலையை இழந்தார். மொத்தக் கணக்கு: 60 வெற்றி, 15 தோல்வி.

சேபனும் தோற்றார்

கல்லூரிக் கால்பந்தில் ஏழு தேசியப் பட்டங்கள் வென்ற நிக் சேபன், 2007-இல் அலபாமாவுக்கு வந்த முதல் வருஷம் 7 வெற்றி, 6 தோல்வி. சொந்த மண்ணிலேயே லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் 21-14 என்று தோற்றார். அதே குளிர்காலத்தில் அவர் சேர்த்த 2008 பட்டாளத்தில் ஹூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம் போன்றவர்கள் இருந்தார்கள். அடுத்த வருஷம் வழக்கமான சீசனின் பன்னிரண்டு ஆட்டங்களிலும் வெற்றி. 2009-இல் 14-0, தேசியப் பட்டம். அலபாமாவின் முதல் ஹைஸ்மன் விருதும் (ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தருவது) அந்த வருஷம் இங்ரமுக்கே.

இன்னொரு வேடிக்கை: பாடப்புத்தகச் சலுகையை வீரர்கள் முறைகேடாகப் பயன்படுத்திய விவகாரத்தில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2007-இன் ஐந்து வெற்றிகளை அழித்துவிட்டது. ஏட்டின்படி சேபனின் முதல் வருஷம் 2 வெற்றி, 6 தோல்விதான்!

ஏழு ஆட்டம், பத்து வருஷம்

2005-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சார்லி வைஸ் கோச்சாக வந்தார். ஏழு ஆட்டங்களில் ஐந்து வெற்றி. உடனே பத்து வருஷ ஒப்பந்தம் நீட்டப்பட்டது. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் முன்னவர் டைரோன் வில்லிங்ஹம் சேர்த்த பையன்கள். அவர்கள் படிப்பு முடித்துப் போனதும் 2007-இல் 3 வெற்றி, 9 தோல்வி. 2009-இல் வைஸ் நீக்கப்பட்டார். ஒப்பந்தம் மட்டும் நீங்கவில்லை. வெளியே போனவருக்குத் தவணை தவணையாகச் சுமார் 1.9 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது.

ஆறு வருஷப் பொறுமை

வர்ஜீனியா டெக்கில் ஃபிராங்க் பீமரின் முதல் ஆறு வருஷம்: 24 வெற்றி, 40 தோல்வி, 2 சமன். ஆறாம் வருஷமான 1992-இல் இரண்டே வெற்றி. இன்றாக இருந்தால் பாதியிலேயே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். நிர்வாகம் துணைப் பயிற்சியாளர்களை மாற்றச் சொல்லிவிட்டு, அவரை வைத்துக்கொண்டது. 1993 முதல் 2015-இல் ஓய்வு பெறும்வரை 23 சீசனும் தொடர்ந்து ‘பவுல்’ எனப்படும் சீசன் இறுதி ஆட்டத்துக்கு அணி தகுதி பெற்றது. 1999-இல் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை போனது.

ஒரே வெற்றி, பெரும் வெற்றி

1989-இல் பில் ஸ்னைடர் கான்சஸ் ஸ்டேட்டுக்கு வந்தபோது அந்த அணி வெற்றி கண்டு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷம் 1 வெற்றி, 10 தோல்வி. அடுத்தது 5, அதற்கடுத்தது 7 வெற்றி. பெரிய கல்லூரிகளோடு பள்ளி மாணவர்களுக்காக மல்லுக்கட்ட முடியாது என்பதால் இரண்டு வருஷ ஜூனியர் கல்லூரிகளில் ஆள் தேடினார். 1998-இல் முதல் 11 ஆட்டமும் வெற்றி.

மூன்றாம் வருஷ மனிதர்

மேட் ரூல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில்: 2, 6, 10 வெற்றி. பிறகு பேய்லரில்: 1, 7, 11 வெற்றி. இரண்டு இடத்திலும் முதல் வருஷத்தை மட்டும் பார்த்தவர் ஏமாந்திருப்பார்.

ஐந்து நட்சத்திரம் ஏன் 32 பேருக்கு?

பள்ளி வீரர்களுக்கு இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான 247ஸ்போர்ட்ஸ் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது வருஷத்துக்குச் சுமார் 32 பேருக்கு. காரணம், என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றில் 32 இடங்கள். அந்த நிலைக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டியே போடும் கணக்கு அது. கணக்கு தப்புவதும் உண்டு. மூன்று முறை என்.எஃப்.எல்.லின் சிறந்த தடுப்பு வீரர் விருது வாங்கிய ஜே.ஜே. வாட், பள்ளியில் இரண்டு நட்சத்திரப் பையன்.

பாதிக்கு மேல் வேண்டும்

அதற்காக நட்சத்திரங்களைத் தூக்கி எறியவும் முடியாது. பட் எலியட் என்ற பத்திரிகையாளர் ஒரு விதி கண்டுபிடித்தார். கடைசி நான்கு வருஷத்தில் சேர்த்த பள்ளி வீரர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இருக்கும் அணிதான் தேசியப் பட்டம் வெல்லும். ஆண்டாண்டாக அது பலித்தது. ஆனால் கவனியுங்கள்: பாதியைத் தாண்டியவர்கள் எல்லோரும் வெல்வார்கள் என்று விதி சொல்லவில்லை.

ஆள் இருந்தும் ஆட்டம் இல்லை

2022-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் கோச் ஜிம்போ ஃபிஷர் சேர்த்த பட்டாளம், அதுவரை மதிப்பிடப்பட்டதிலேயே உயர்ந்த மதிப்பு பெற்றது. அதே வருஷம் அணி கண்டது 5 வெற்றி, 7 தோல்வி. எளிதாக ஒரு வெற்றி சேரட்டும் என்று பணம் கொடுத்து வரவழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணி, அவர்கள் ஸ்டேடியத்திலேயே 17-14 என்று வென்று, காசோலையையும் வாங்கிக்கொண்டு போனது. 2023 நவம்பரில் ஃபிஷரை அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல்.

அதே பையன்கள், வேறு கோச்

ஆபர்ன் அணியில் ஜீன் சிசிக், அயோவா ஸ்டேட்டில் 5 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கோடு வேலைக்கு வந்தவர். ரசிகர்கள் கொதித்தார்கள். 2010-இல் 14-0, தேசியப் பட்டம். அதன்பின் நல்ல தரவரிசையில் ஆள் சேர்த்தும் 2012-இல் 3 வெற்றி, 9 தோல்வி. சிசிக் போனார், கஸ் மல்சான் வந்தார். பெரும்பாலும் அதே வீரர்களை வைத்து 2013-இல் 12 வெற்றி, 2 தோல்வி. பட்டத்துக்கான ஆட்டத்தில் மூன்றே புள்ளியில் தோல்வி. முன்னவர் ஆள் சேர்த்தார், பின்னவர் ஆட வைத்தார். வெற்றியை யார் பெயரில் எழுதுவது?

ஒரு சின்னக் கல்லூரியின் பெருமை

2010-இல் ஆபர்னுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த கேம் நியூட்டனும், 1998-இல் கான்சஸ் ஸ்டேட்டை உச்சிக்குக் கொண்டுபோன மைக்கேல் பிஷப்பும் ஒரே இடத்திலிருந்து வந்த குவார்ட்டர்பேக்குகள் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள்): டெக்சஸில் உள்ள பிளின் என்ற இரண்டு வருஷக் கல்லூரி.

ஏறி இறங்கிய ஐந்து வருஷம்

ஃப்ளோரிடா ஸ்டேட்டில் மைக் நார்வெல் 2020 முதல் பெற்ற வெற்றிகள்: 3, 5, 10, 13, 2. இரண்டாம் வருஷம் நீக்கச் சொன்னவர்கள் உண்டு. நாலாம் வருஷம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். ஐந்தாம் வருஷம் இரண்டே வெற்றி!

விதியை உடைத்த இண்டியானா

2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல் அது. மாறியவர் ஒரு வருஷம் ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் 2021-இல் தளர்ந்தது. 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி கண்டிருந்த இண்டியானாவுக்குக் கர்ட் சிக்னெட்டி வந்தபோது, தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூடவே அழைத்து வந்தார். முதல் வருஷமே 11 வெற்றி, 2 தோல்வி. 2025 சீசனில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா ஹைஸ்மன் விருது வென்றார். அணி 16 ஆட்டமும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. பாதிக்கு மேல் நட்சத்திரக்காரர்கள் வேண்டும் என்ற விதியும் அத்தோடு உடைந்தது.

மற்ற கோச்சுகளுக்கு இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ‘இவர்கள் நான் சேர்த்த ஆட்கள் இல்லை, மூன்று வருஷம் பொறுங்கள்’ என்று இத்தனை காலம் கேட்டு வந்தார்கள். அந்தத் தவணையை இனி யாரும் சுலபத்தில் தரமாட்டார்கள்.