தின்னர் டப்பாவைத் திறக்கும் முன்

தை, மாசியில் பூத்த மாமரத்தடியில் நிறுத்திய காரின் மேல், மறுநாள் காலையில் பொடிப்பொடியாகப் பசைத்துளிகள் இருக்கும். மரம் பால் வடித்திருக்கிறது என்போம். பெரும்பாலும் அது மரத்தினுடையதே அல்ல. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் கழிக்கும் சர்க்கரைத் திரவம். அன்றே கழுவினால் வெதுவெதுப்பான தண்ணீரும் கார் ஷாம்பூவும் போதும். விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூசணம் படரும்.

தண்ணீருக்கே அடங்குகிற இதற்குத் தின்னரைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. கார் பெயின்டின் மேல் நிறமற்ற காப்புப் பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம்மில் பலருடைய தலைமுடியைவிட மெல்லியது. தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பூச்சு ஓரளவு தாங்கும். எங்கோ இடித்து, பட்டறையில் மறுபடி அடித்த பெயின்ட் அப்படித் தாங்காது. மங்கும், சில சமயம் சுருங்கி எழும்பிவிடும். பெட்ரோல் இன்னும் மோசம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் மூடிய ஷெட்டின் மூலையில் தேங்கும். அங்கே ஒரு சிறு பொறி போதும்.

எந்த மரம் என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். வேம்பு, முருங்கை, கருவேலம் இவற்றின் பிசின் நீரில் ஊறி இளகும் கோந்து. ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டுவைத்தால் வழிக்கு வரும். பலாவும் ஆலும் வடிப்பது ரப்பர் கலந்த பால். பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே வைத்தியம்தான் இங்கும். கொடைக்கானல் பைன் மரத்தடியில் நின்ற வண்டியில் இருப்பது வேறு சாதி, தண்ணீரில் அசையாது. அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பார்வையில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு தொட்டுச் சோதித்துவிட்டு, நிழலில், பானட் ஆறிய பிறகு, பிசின் மேல் மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும்.

நகத்தால் சுரண்ட மட்டும் கூடாது. காய்ந்த துளியில் மணலும் தூசியும் ஒட்டியிருக்கும். தேய்க்கும்போது அது உப்புத்தாளாகிவிடும். நான் பார்த்தவரையில் பிசின் விட்டுப்போன தழும்பைவிடத் துணி விட்டுப்போன கீறல்தான் அதிகம்.

முகப்பு விளக்கின் மூடி கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ பட்டால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். அது திரும்பாது, மூடியையே மாற்ற வேண்டும்.

காரில் பலித்ததே என்று அதே ஆல்கஹாலைத் தாத்தா காலத்துத் தேக்கு மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் காலத்து மரச்சாமான்கள் பலவற்றுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போட்டார்கள். கரைந்து வந்தது ஆல்கஹாலில் மறுபடியும் கரையும். பிசினோடு பாலிஷும் துணியில் வந்துவிடும்.