நேரசூசியில் மட்டும் இருக்கும் பாடங்கள்

திருகோணமலையின் அன்புவழிபுரத்தில் தரம் 7இல் படிக்கும் ஒரு பிள்ளையின் நேரசூசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சித்திரமோ சங்கீதமோ நடனமோ ஓர் அழகியற் பாடம் இருக்கும். சுகாதாரமும் உடற்கல்வியும், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள், குடியியற் கல்வி, இரண்டாம் தேசிய மொழியான சிங்களம் எல்லாம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருக்கும். பிறகு கொப்பிகளைப் பாருங்கள். கணிதத்துக்கு இரண்டாவது கொப்பியும் முடிந்திருக்கும். சித்திரக் கொப்பி முதலாம் தவணையில் வரைந்த பூச்சாடியோடு நிற்கும். இது ஒரு பாடசாலையின் குற்றமோ ஓர் ஊரின் குற்றமோ அல்ல. தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் நாட்டின் பல பக்கங்களிலும் இதுவே வழக்கமாகிவிட்டது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கைவேலைக்கும் பரீட்சையில் ஓர் இடம் இருந்தது. 1971 கிளர்ச்சிக்குப் பின், படித்த இளைஞர் வேலையின்றி நிற்பதைக் கண்ட அரசாங்கம் 1972இல் பாடத்திட்டத்தை அடியோடு மாற்றியது. ஒன்பதாம் வகுப்பின் முடிவில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்ற பரீட்சை வந்தது. முதல் தொகுதி மாணவர் 1975இல் அதற்குத் தோற்றினார்கள். கணிதம், விஞ்ஞானத்தோடு தொழில் முன்னிலைப் பாடமும் அதில் சேர்ந்திருந்தது. ஊரில் நடக்கும் தொழிலை ஒட்டியே அந்தப் பாடம் அமையலாம் என்றார்கள். துறைமுகமும் வலையும் வயலும் பக்கம் பக்கமாக இருக்கும் திருகோணமலைக்கு எவ்வளவு பொருந்திய எண்ணம்!

அந்தக் காலம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. கருவிகள் போதவில்லை, பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் போதவில்லை. கொழும்புப் பிள்ளை வைத்தியராக, எங்கள் பிள்ளை வலை பின்னவா என்ற சந்தேகம் பெற்றோருக்கு இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தச் சான்றிதழ் போய், க.பொ.த. சாதாரண தரம் திரும்பி வந்தது. எண்பதுகளில் வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் கைவேலை மறுபடி உள்ளே வந்தது. இன்று அது செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள். பாடம் எப்படியோ பிழைத்துக்கொண்டது. பரீட்சையில் அதற்கிருந்த மதிப்பு மட்டும் திரும்பவேயில்லை.

இன்றைய கணக்கு எல்லாப் பெற்றோருக்கும் மனப்பாடம். உயர்தரம் படிக்க, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் 3 திறமைச் சித்தியாக இருக்கவேண்டும். சாதாரண தரத்தின் 9 பாடங்களில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற 6 கட்டாயம். அழகியல் ஒரு தொகுதியில் தெரிவுப் பாடம், உடற்கல்வி இன்னொரு தொகுதியில். பாடசாலையின் பெயர் நிற்பதும் விழுவதும் கணிதச் சித்தி வீதத்தில். ஆகவே சித்திர ஆசிரியர் லீவு என்றால் கணித ஆசிரியர் வகுப்பில் வந்து நிற்கிறார். கணித ஆசிரியர் லீவு என்றால் சித்திர ஆசிரியரை அங்கே அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை. இதில் பரீட்சைக்கே ஒரு நட்டமும் இருக்கிறது. தரம் 10இல் சித்திரத்தையோ சங்கீதத்தையோ தெரிவு செய்யும் பிள்ளை நான்கு ஆண்டு அடித்தளம் இல்லாமல்தான் அங்கே போய்ச் சேர்கிறது. கணிதத்தில் திணறும் பிள்ளைக்கு ஒரு திறமைச் சித்தி கிடைக்கக்கூடிய இடத்தையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

நகரத்து வசதியான வீட்டுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. மாலையில் மிருதங்க வகுப்பு, சனிக்கிழமை பரத வகுப்பு என்று காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். கூலி வேலைக்கும் கடலுக்கும் போகிறவர்கள் வீட்டில் ரியூசன் காசு கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே காணாது. அந்தப் பிள்ளை தூரிகையைத் தொடவும், ஆர்மோனியச் சத்தத்துக்கு வாய் திறந்து பாடவும் இருக்கும் ஒரே இடம் பாடசாலை. அங்கேயும் இல்லையென்றால் வேறெங்குமில்லை. புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளைகள் நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்குப் போய்விட, ஊர்ப் பாடசாலையில் மீதியாகும் பிள்ளைகளுக்கே இந்தப் பாடங்கள் அதிகம் தேவை. அவர்களிடமிருந்துதான் முதலில் பிடுங்கப்படுகிறது.

எனக்கு மிகவும் வலிப்பது சிங்களப் பாடத்தின் கதி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் மாவட்டம் இது. பொலிஸ் நிலையத்தில், வைத்தியசாலையில், கொழும்பிலிருந்து வரும் கடிதத்தில் சிங்களம் முன்னால் நிற்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மை. ஆனால் வரிசையில் நிற்கும் தாய்க்கு அந்தச் சட்டத்தை வாசித்துக்காட்ட யாரும் வருவதில்லை. பக்கத்தில் நிற்கும் மகனுக்கு நாலு வசனம் பேசத் தெரிந்தால் போதும். அயலில் சிங்களப் பாடசாலைகளிலும் இதே வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் இரண்டாம் மொழிப் பாடம்; அங்கேயும் சாதாரண தரத்தில் அது கட்டாயமில்லை. முப்பது ஆண்டுப் போரைக் கண்ட மண்ணில், பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசப் பழகும் நாற்பது நிமிடத்தைக் கணித வினாத்தாளுக்குக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாடங்களுக்குள் இப்படி மேல் கீழ் பார்க்காத ஓர் ஆசான் இதே திருகோணமலையில் பணி செய்திருக்கிறார். விபுலானந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். இராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்திய இங்குள்ள இந்துக் கல்லூரியின் பொறுப்பைச் சுமந்தவர். பழந்தமிழர் இசையையும் யாழையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. அதில் கணக்கு எங்கே முடிகிறது, இசை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அவர் படம் மாட்டியிருக்கும் சுவரின் கீழேயே சங்கீத வேளையில் கணக்கு நடக்கிறது.

கொரோனாக் காலமும் 2022இன் நெருக்கடியும் இந்த வழக்கத்தை இறுக்கின. பாடசாலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2022ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2023 மே மாதத்தில்தான் தொடங்கியது. விடுபட்டதை ஈடுசெய்ய முதலில் கைவைக்கப்பட்டவை விளையாட்டும் கலையும். பரீட்சை அட்டவணை பிறகு சீரானாலும் எடுத்த வேளைகள் திருப்பித் தரப்படவில்லை. இதற்கு மாறாக, 1866இல் கைவினையை மக்கள் பள்ளிகளில் கட்டாயமாக்கிய பின்லாந்து இன்றும் அதை விட்டுவிடவில்லை. அங்கேயும் கணிதம் படிக்கிறார்கள்.

தரம் 6க்கான புதிய சீர்திருத்தம் 2026இல் தொடங்கவிருந்து 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இந்த இடைவெளியை ஊர் பயன்படுத்தலாம். எந்த வேளையில் எந்த ஆசிரியர் எதைக் கற்பித்தார் என்பது வகுப்புப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. வேறு பாடத்துக்குப் போன அழகியல், உடற்கல்வி, சிங்கள வேளைகளைத் தவணைக்கு ஒருமுறை எண்ணி, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கும்படி பெற்றோர் கேட்கவேண்டும். மதிலுக்கும் மலசலகூடத்துக்கும் ஓடித் திரிந்து காசு சேர்க்கும் அந்தச் சங்கத்துக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆசிரியர் இல்லாத பாடமென்றால் அந்த எண்ணிக்கையையே கடிதமாக்கி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பலாம், அடுத்த இடமாற்றப் பட்டியல் முடிவாகும் முன்.